கடலுக்கும் ஓர் உழவாரம்



"இன்னிக்குப் பொறுக்கினா நாளைக்கு அலை மறுபடியும் கொண்டு வந்து போட்டுடும். அப்புறம் எதுக்கு இந்த வேலை?"

கடற்கரையைச் சுத்தம் செய்யப் போகிற இளைஞர்கள் எல்லாருக்கும் இந்தக் கேள்வி பழக்கமானது. கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. பெரும்பாலும் நம்ம சொந்தக்காரங்க, நம்ம மேல் அக்கறை உள்ளவங்க. சில நாள் இடுப்பு வலிக்கும்போது நம்ம மனசே கேட்கும். "நல்ல காரியம்தானே" என்று சொல்லிவிட்டு நகர்ந்து விடலாம். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. முடிவே இல்லாத ஒரு வேலைக்கு மதிப்பு உண்டா? உண்டு என்றால், அந்த மதிப்பு எங்கிருந்து வருகிறது? இதைத்தான் இந்தக் கட்டுரையில் உங்களோடு சேர்ந்து யோசிக்க விரும்புகிறேன்.

என் ஊர் மெர்சிங். உங்களில் பலருக்கு அது தியோமான் தீவுக்குப் போக ஃபெரி ஏறும் ஊர், அவ்வளவுதான். ஆனால் ஜொகூருக்கே சொந்தமான ராவா, பெசார், தெங்கா, திங்கி, சிபு, பெமாங்கில், அவுர் போன்ற தீவுகளும் எங்கள் கரைக்கு எதிரில்தான் இருக்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள கடல், சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட கடல் பூங்கா. ஊருக்கு வடக்கே ஆயர் பாப்பான் கடற்கரை. நவம்பர் தொடங்கி மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலைக் கலக்கி எடுக்கும். பல நாள் தீவுகளுக்குப் படகே ஓடாது. காற்று அடங்கிய பிறகு கரைக்குப் போய்ப் பாருங்கள். தண்ணீர்ப் போத்தல், ஒற்றைச் செருப்பு, உடைந்த பொலிஸ்டிரின் பெட்டி, லைட்டர், கயிறு, கிழிந்த வலை. சில போத்தல்களில் தாய்லாந்து எழுத்து, சிலவற்றில் சீன எழுத்து, பலவற்றில் நம் ஊர்க் கடையில் விற்கும் அதே லேபல். கடல் யார் போட்டது என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். செமஸ்டர் விடுமுறையில் ஊருக்கு வரும்போது, எங்கள் கிளை நண்பர்கள் ஏழெட்டுப் பேரோடு சாக்கும் கையுறையும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போவது வழக்கம். படிப்பு அப்படி என்பதால் எதைப் பார்த்தாலும் கணக்குப் போடத் தோன்றும். ஒரு தொட்டிக்குள் நிமிடத்துக்கு 10 லிட்டர் தண்ணீர் வருகிறது, நாம் ஒரு குவளையால் நிமிடத்துக்கு 1 லிட்டர் வெளியே ஊற்றுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி வழியத்தான் செய்யும். "முதல்ல குழாயை மூடு தம்பி" என்றுதான் எந்தப் பொறியியலாளரும் சொல்வார். உற்பத்தி குறைய வேண்டும், குப்பை சேகரிப்பு சரியாக நடக்க வேண்டும், சட்டம் வேண்டும். இந்த வாதம் சரியானது. இதை நாம் மறுக்கக் கூடாது.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு விஷயம் விடுபட்டுப் போகிறது. நெகிழி, தண்ணீர் மாதிரி அப்படியே இருக்கும் பொருள் அல்ல. மணலில் வெயில் பட்டுக் கிடக்கும் போத்தலைச் சூரியனின் புற ஊதாக் கதிர் கொஞ்சம் கொஞ்சமாக நொறுங்க வைக்கிறது. அது மக்குவதில்லை, துண்டாகிறது. துண்டு 5 மில்லிமீட்டருக்கும் கீழே போனால் அதற்கு நுண்நெகிழி என்று பெயர். இன்று முழுசாகக் கிடக்கும் போத்தலை எடுப்பது ஒரு நொடி வேலை. சில வருஷம் கழித்து அதே போத்தல் ஆயிரக்கணக்கான துணுக்காக மணலோடு கலந்துவிட்டால், எத்தனை பேர் வந்தாலும் பொறுக்க முடியாது. வலையும் அப்படித்தான். நைலான் வலை அறுந்து கடலில் மிதந்தாலும், மீன் பிடிப்பதை நிறுத்துவதில்லை. யாருக்கும் பயன்படாமல் மீனையும் ஆமையையும் சிக்க வைத்துக்கொண்டே இருக்கும். ஒருமுறை ஒரு மீனவர், மலாய்க்கார பாக்சிக், மணலில் பாதி புதைந்த வலையை இழுத்துக்கொண்டிருந்த எங்களைத் தடுத்து, எந்த இடத்தில் அறுத்தால் லேசாக வரும் என்று தன் கத்தியால் காட்டிக் கொடுத்தார். அந்த வலை இனி எதையும் பிடிக்காது. இது நாளைக்கு அலை வந்து அழித்துவிடும் பலன் இல்லை.

சரி, இது பாதி பதில்தான். ஒருவேளை அலை எல்லாவற்றையும் மறுபடி கொண்டு வந்து போட்டுவிட்டால்? அப்போது நம் வேலை வீணா?

இந்த இடத்தில் எனக்கு அப்பர் பெருமான் நினைவுக்கு வருகிறார். 7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசரின் திருவுருவத்தை நம் கோயில்களில் பார்த்திருப்பீர்கள். கையில் செங்கோல் இல்லை, வாள் இல்லை. உழவாரம் இருக்கும். புல் செதுக்கும் கருவி. ஊர் ஊராக நடந்து கோயில் பிராகாரத்தில் முளைத்த புல்லையும் முள்ளையும் செதுக்கினார். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தமிழ்நாட்டு மழைக்குப் புல் திரும்ப முளைக்காதா? அவர் அடுத்த ஊர் போய்ச் சேருவதற்குள் முந்தின ஊரில் முளைத்திருக்கும். திரும்ப முளைக்காத புல்லை மட்டும்தான் செதுக்குவேன் என்று அவர் நினைத்திருந்தால், உழவாரத்தைத் தூக்கியிருக்கவே மாட்டார்.

நம் வழிபாடே இப்படித்தான் இருக்கிறது. நேற்று அபிஷேகம் செய்தாயிற்று, இன்று எதற்கு என்று எந்தக் குருக்களும் கேட்பதில்லை. காலையில் ஏற்றிய விளக்கு இரவுக்குள் அணையும் என்று தெரிந்துதான் ஏற்றுகிறோம். வீட்டில் அம்மா தினமும் பாத்திரம் கழுவுகிறார். மறுநாள் அழுக்காகும் என்பதால் அந்த வேலை வீணாகிவிடுமா? உலகத்தைத் தாங்கிப் பிடிக்கும் வேலைகளில் பெரும்பகுதி முடிவில்லாத வேலைதான். எங்கள் துறையில் இதைப் பராமரிப்பு என்கிறோம். பாலத்தைத் திறந்து வைக்க அமைச்சர் வருவார். அதே பாலத்தின் துருவைச் சுரண்டி வர்ணம் பூசுபவருக்கு யாரும் மாலை போடுவதில்லை. ஆனால் பாலம் நிற்பது அவரால்தான்.

திருப்புகலூரில் அப்பர் உழவாரப் பணி செய்தபோது நடந்ததாகப் பெரியபுராணம் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறது. அவர் செதுக்கிய மண்ணில் பொன்னும் மணியும் கிடந்தன. அவரோ கல்லையும் பொன்னையும் வேறுபாடு பார்க்காமல், எல்லாவற்றையும் உழவாரத்தால் எடுத்துக் குளத்தில் எறிந்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். இன்றைக்கு நம் முன்னால் வந்து கிடக்கும் பொன் எது தெரியுமா? சான்றிதழ், புறப்பாடப் புள்ளி, சாக்குப் பையோடு எடுக்கும் படம், அதற்கு வரும் லைக். படம் எடுப்பது பாவம் என்று நான் சொல்லவில்லை. படம் பார்த்து வந்து சேர்ந்த நண்பர்கள் எங்களுக்கும் உண்டு. ஆனால் படம் எடுக்க முடியாத மழை நாளில் எத்தனை பேர் வருகிறோம் என்பது வேறு கணக்கு. அந்தக் கணக்கில்தான் சேவை இருக்கிறது.

நம் வயதுக்காரர்கள் இதைச் செய்து காட்டிய ஊர் ஒன்று இருக்கிறது. சென்னை. அங்கே 1988-இல் மாணவர்கள் சேர்ந்து கடலாமைப் பாதுகாப்புக்காக ஒரு மாணவர் வலையமைப்பைத் தொடங்கினார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான பருவத்தில், நள்ளிரவில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறக்குறைய 7 கிலோமீட்டர் மணலில் நடக்கிறார்கள். பங்குனி ஆமை கரையேறி முட்டையிட்ட தடம் தெரிகிறதா என்று தேடுகிறார்கள். ஒரு கூட்டில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும். அதை அப்படியே விட்டால் நாயோ மனிதனோ எடுத்துவிடலாம். தப்பிப் பொரிக்கும் குஞ்சும், கடல் பக்கம் போகாமல் தெருவிளக்கு வெளிச்சத்தைப் பார்த்துச் சாலைக்குப் போய்விடும். அதனால் முட்டைகளைப் பத்திரமாக எடுத்து வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைத்து, 45 முதல் 60 நாள் காத்திருந்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். படிப்பு முடிந்து ஒரு கூட்டம் போனால் அடுத்த கூட்டம் வருகிறது.

இப்போது பலனைப் பாருங்கள். ஆயிரம் குஞ்சில் ஒன்றுதான் வளர்ந்து பெரிய ஆமையாகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது மறுபடி முட்டையிட வருவதற்கு 10 ஆண்டுக்கு மேல் ஆகும். அந்த மாணவன் அப்போது எந்த ஊரில் என்ன வேலையில் இருப்பானோ! அதோடு, 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவலையில் சிக்கி மேலே வந்து மூச்சு விட முடியாமல் செத்தவை அவற்றில் பல. இதைப் பார்த்தும் அவர்கள் நடப்பதை நிறுத்தவில்லை. கீதையின் இரண்டாம் அத்தியாயம் 47-ஆம் சுலோகத்தைப் பற்றி நாம் எத்தனையோ வகுப்பில் கேட்டிருக்கிறோம். அதை வாழ்ந்து பார்க்க வேண்டுமென்றால் அந்த இரவு நடை போதும் என்று தோன்றுகிறது.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. பலனில் பற்று வைக்காதே என்பதை, பலனைப் பார்க்கவே வேண்டாம் என்று சிலர் புரிந்து கொள்கிறார்கள். "நல்ல மனசோட செஞ்சோம், அது போதும்" என்பார்கள். போதாது. பலன் எனக்கு என்ன தரும் என்று கேட்காமல் இருப்பது பற்றின்மை. என் வேலையால் அந்த உயிருக்கு என்ன ஆனது என்று கேட்காமல் இருப்பது அலட்சியம். இரண்டும் ஒன்றில்லை.

நம் கிழக்குக் கரையிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. திரெங்கானுவின் ரந்தாவ் அபாங். உலகின் மிகப் பெரிய கடலாமை, கெட்டியான ஓட்டுக்குப் பதிலாகத் தோல் மூடிய முதுகு கொண்டது, அங்கே முட்டையிட வரும். 1950-களில் திரெங்கானுவில் ஓர் ஆண்டில் பத்தாயிரம் கூடுகளுக்கு மேல் எண்ணினார்கள். இன்று ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. முக்கியக் காரணம், பல ஆண்டுகளாக முட்டைகளை எடுத்து விற்றதும், கடலில் வலையில் சிக்கிச் செத்ததும். காப்பாற்றுவதற்காகப் பொரிப்பகங்களும் வைத்தார்கள். ஆனால் ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். பொரிப்பக மணல் சூடாக இருந்ததால் வெளிவந்தவை ஏறக்குறைய எல்லாமே பெண் குஞ்சுகளாகிவிட்டன என்று பிறகுதான் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். நல்ல மனசு இருந்தது. அறிவு தாமதமாக வந்தது.

இலங்கையிலும் இதே கதை. 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரம் முழுக்கச் சதுப்புநிலக் கன்று நடும் ஆர்வம் பொங்கியது. பின்னால் ஆய்வாளர்கள் 23 இடங்களைப் போய்ப் பார்த்தபோது, நட்ட 1,000 முதல் 1,200 ஹெக்டேரில் 200 முதல் 220 ஹெக்டேர்தான் தேறியிருந்தது. 9 இடங்களில் ஒரு கன்று கூட மிச்சமில்லை. தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கும், உப்பு எவ்வளவு, எந்த இனம் அங்கே வாழும் என்று பார்க்காமல் நட்டதும், நட்ட பிறகு போய்ப் பார்க்காததும் முக்கியக் காரணங்கள். நட்ட அன்று எடுத்த படங்கள் மட்டும் அழகாக இருந்திருக்கும்.

மெர்சிங்குக்கும் இது பொருந்தும். சிபு, திங்கி தீவுகளைச் சுற்றி கடற்புல் படுகைகள் இருக்கின்றன. அதை மேய்ந்து வாழும் கடற்பசு, மலாயில் டுயோங் என்பார்களே, அது இன்னும் அங்கே இருக்கிறது. கரையில் ஒதுங்கும் காய்ந்த கடற்புல்லும் மரக்கட்டையும் குப்பை இல்லை. அதில்தான் சின்ன நண்டும் பூச்சியும் வாழும், மணல் அரித்துப் போகாமல் நிற்கும். கரை 'பளிச்' என்று தெரியணும் என்று வாரிக் கூட்டினால் நாம் செய்வது சுத்தம் இல்லை. உழவாரம் பிடிப்பவனுக்கு எது களை, எது செடி என்று தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து, எல்லாவற்றையும் விடக் கடினமான கேள்வி. கோயிலில் ஒரு பெரியவர் என்னிடம் நேரடியாகவே கேட்டார். "தம்பி, நம்ம பிள்ளைங்க பாதிப் பேர் படிப்பை விட்டுட்டுச் சுத்துதுங்க. வாடகை கட்ட முடியாத குடும்பம் இருக்கு. கோயில்லயே ஆயிரம் வேலை கிடக்கு. நீங்க டூரிஸ்ட் வர்ற கடற்கரையில குப்பை பொறுக்குறீங்களே, நியாயமா?" நான் அதைச் சிரித்துத் தள்ளவில்லை. மெர்சிங்கில் நாம் சின்னக் கூட்டம். அதில் இளைஞர்கள் இன்னும் கொஞ்சம். படித்து முடித்தால் பலரும் ஜொகூர் பாருவுக்கோ சிங்கப்பூருக்கோ போய்விடுகிறோம். இருக்கிற சில ஞாயிற்றுக்கிழமைகளை எதற்குக் கொடுப்பது என்பது விளையாட்டுக் கேள்வி இல்லை. பகுதிநேர வேலைக்குப் போனால் வீட்டுக்குப் பணமாவது கிடைக்கும்.

என் பதில் இது. வீட்டில் கஷ்டம் என்றால் முதலில் வீட்டைப் பாருங்கள். அதில் குற்றவுணர்ச்சி வேண்டாம். ஆனால் சமுதாயத்துக்குச் செய்வதா, இயற்கைக்குச் செய்வதா என்று நம் தர்மம் ஒன்றை மட்டும் எடுக்கச் சொல்லவில்லை. இல்லறத்தானுக்கு விதிக்கப்பட்ட ஐந்து வேள்விகளில், மனிதர்க்கானதும் இருக்கிறது, எல்லா உயிர்களுக்குமான பூத வேள்வியும் இருக்கிறது. ஒன்றைச் செய்தால் இன்னொன்று கழியும் என்று யாரும் சொல்லவில்லை. நடைமுறையிலும் அப்படித்தான். டியூஷனுக்கு வரும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை மாதத்துக்கு ஒருநாள் கரைக்குக் கூட்டிப் போகிறோம். பொறுக்கியதை வகை பிரித்து, எண்ணி, எடை போட்டு, வரைபடம் போடச் சொல்கிறோம். வகுப்பில் கணக்கென்றால் முகம் சுளிக்கும் பையன் அங்கே சதவீதம் போடுகிறான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. நம் பாட்டன் பூட்டன் இந்த நாட்டுக் காட்டை வெட்டி, சாலை போட்டு, ரப்பர் நட்டார்கள். இந்த மண்ணில் அவர்கள் வேர்வை கலந்திருக்கிறது. ஆனால் அன்று எந்த மரத்தை வெட்டணும், எதை விடணும் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. கூலிக்குச் செய்தார்கள், வேறு வழியில்லாமல் செய்தார்கள். யாரும் சொல்லாமல், காசு வாங்காமல், நாமே விரும்பி இந்த மண்ணுக்கு ஏதாவது செய்யும் வாய்ப்பு நம் தலைமுறைக்குக் கிடைத்திருக்கிறது. கோத்தோங் ரோயோங் என்று ஊரே கூடும்போது நாம் கடைசியில் நிற்காமல் முன்னால் நிற்க வேண்டும் என்று நான் நினைப்பது அதனால்தான். நாம் பராமரிக்கிற இடம் நமக்கு வாடகை வீடு மாதிரி தெரியாது.

"அரசாங்கம் செய்ய வேண்டியதை நாம செஞ்சா, அவங்க சும்மா இருந்துடுவாங்களே" என்றும் சிலர் சொல்வார்கள். எங்கள் மாவட்டத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது. எண்டாவ் ரொம்பின் காடு. 1977-இல் அங்கே மரம் வெட்ட அனுமதி கொடுத்ததும் நாட்டில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. 1985-86-இல் மலாயா இயற்கைக் கழகம் விஞ்ஞானிகளையும் தன்னார்வலர்களையும் காட்டுக்குள் கூட்டிப் போய், என்னென்ன செடி, என்னென்ன உயிர் இருக்கிறது என்று பதிவு செய்தது. 1993-இல் ஜொகூர் பகுதி தேசியப் பூங்காவாக அரசிதழில் வந்தது. தன்னார்வலர்கள் வேலை செய்ததால் அரசாங்கம் தூங்கிவிடவில்லை. அவர்கள் சேர்த்த தகவல், கேட்பதற்கு அவர்களுக்கு உரிமையும் ஆதாரமும் கொடுத்தது. கையில் பட்டியல் இல்லாமல் போனால் நம் பேச்சு வெறும் புலம்பல். "மூன்று வருஷமாக எடை போட்டோம், இதில் இத்தனை பங்கு பொலிஸ்டிரின்" என்று மன்றத்தில் தாளை வைத்தால் அது வேறு பேச்சு. குவளையால் அள்ளுகிறவன்தான் குழாய் எங்கே திறந்திருக்கிறது என்று சொல்ல முடியும்.

குழாய் என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சில குழாய்கள் நம் கையில்தான் இருக்கின்றன. கடலிலும் ஆற்றிலும் சடங்கு முடித்துவிட்டு நாம் என்னென்ன விட்டு வருகிறோம்? பூ மாலை மக்கிவிடும், அதைக் கட்டிய நைலான் நூல் மக்காது. அஸ்தி கரையும், அது வந்த நெகிழிப் பை கரையாது. கோயில் அன்னதானத்தில் வாழையிலை போய்ப் பொலிஸ்டிரின் பெட்டி வந்துவிட்ட இடங்கள் எத்தனை! தண்ணீரைக் கங்கை என்று வணங்குகிற நாம், வணங்கிய கையோடு அதில் பிளாஸ்டிக்கைப் போடுவது எந்த ஆகமத்திலும் இல்லை. இதை வெளியார் சொன்னால் நமக்குக் கோபம் வரும். அவர்கள் சொல்வதற்கு முன்னால், பெரியவர்களிடம் மரியாதையோடு நாம் சொல்லிவிடலாம். "ஐயா, சடங்கை மாத்த வேணாம். பையை மட்டும் திரும்பக் கொண்டு வந்துடலாம்." இந்த வார்த்தைக்கு யாரும் கோபித்துக் கொண்டதை நான் பார்த்ததில்லை.

ஆகவே நண்பர்களே, முடிவில்லாத வேலைக்கு மதிப்பு உண்டா என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான். அந்த மதிப்பு வேலை முடிவதில் இல்லை, நாம் திரும்பத் திரும்பப் போவதில் இருக்கிறது. அதுவும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு போவதில்.

நம் இயக்கத்தின் ஒவ்வொரு கிளையும் ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளலாம். கடற்கரைதான் வேண்டும் என்றில்லை. உங்கள் தாமானுக்குப் பின்னால் ஓடும் ஆறு போதும், கோயில் பக்கத்துக் குளம் போதும். ஆண்டுக்கு ஒருமுறை நூறு பேர் போவதை விட, மாதம் ஒருமுறை பத்துப் பேர் போங்கள். அந்த இடத்தை அறிந்த உள்ளூர் மீனவரையோ ஓராங் அஸ்லி அன்பரையோ ஆசிரியரையோ முதலில் கேளுங்கள். எடுத்ததை எண்ணுங்கள், எழுதி வையுங்கள், அடுத்து வருகிற தம்பி தங்கையிடம் அந்த நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள். எங்கள் கிளையில் அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. அடுத்த வருஷம் நான் வேலை தேடி வெளியூர் போக வேண்டி வரும். அதற்குள் அதை வாங்கிக்கொள்ள மெர்சிங்கில் ஒரு தம்பியோ தங்கச்சியோ முன்வர வேண்டும் என்பதுதான் இப்போதைக்கு என் வேண்டுதல்.